இறக்கைத் தொட்டியில் தண்ணீர்

என் தம்பியின் காரியம் முடிந்த மறுநாள், மல்லேஸ்வரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த அந்த மனிதரை நான் உட்காரச் சொல்லவில்லை. அவருடைய மகளும் என் தம்பியும் ஒரே விமானத்தில் இறந்தவர்கள். ஊருக்கு வெளியே உள்ள ஒரு பயிற்சிப் பள்ளியில் அவள் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தாள், அவன் சொல்லிக்கொடுத்தான். இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். காலையில் மேலே ஏறிய ஒரு நிமிடத்துக்குள் இன்ஜின் நின்று, ராகிக் கொல்லையில் விழுந்தது.

அவர் ஸ்ரீராம்புரத்துக்காரர், மாநகராட்சி ஊழியர். செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றார்.

"உன் தம்பிதாம்மா எம்பொண்ணக் கொன்னான். அத்த சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"துக்க வீட்டுல வந்து பேசற பேச்சா இது?"

"எங்க வூட்ல மட்டும் இன்னா, கல்யாணமா?"

கதவைச் சாத்தினேன். அதற்கு முந்தைய வாரம் பள்ளியின் நிர்வாகியும் பழக்கூடையோடு வந்து, உங்கள் தம்பி ஓடுபாதைக்குத் திரும்ப முயலாமல் நேராக இறக்கியிருக்கலாம் என்று கன்னடத்தில் மென்மையாகச் சொன்னார். கூடையை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்.

ஒரு வருடத்துக்கு மேல் கழித்து விசாரணை அறிக்கை வந்தது. விபத்துக்கு முன் இரண்டு நாள் மழை. விமானம் வெட்டவெளியில் நின்றிருக்கிறது. இறக்கையில் இருக்கும் பெட்ரோல் தொட்டியின் மூடியில் ரப்பர் வளையம் வெடிப்பு விட்டிருந்ததால் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. நான் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். பெட்ரோலுக்கு அடியில் தண்ணீர் தங்கும், இன்ஜினுக்கு முதலில் அதுதான் போகும் என்பதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மூடி சரியில்லை என்று மூன்று வாரம் முன்பே என் தம்பி பதிவேட்டில் எழுதியிருந்தான். கீழே, 'மாற்றப்பட்டது' என்று பள்ளி மெக்கானிக்கின் கையெழுத்து. மாற்றவே இல்லை. படித்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அடுத்த பத்தியில் இன்னொன்று இருந்தது. ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும் தொட்டியின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிக் குழாயில் பிடித்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் இருந்தால் தெரிந்துவிடும். அன்று இருவரும் தாமதமாக வந்து, நேராக ஏறி உட்கார்ந்துவிட்டதாகப் பெட்ரோல் போடுகிறவர் சாட்சி சொல்லியிருந்தார். அந்தப் பக்கத்தைச் சட்டென்று புரட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை அறிக்கையை எடுத்துக்கொண்டு ஸ்ரீராம்புரம் போனேன். அவர் முகத்தில் எறிந்துவிட்டு வருவதுதான் திட்டம். அவர் கையில் ஏற்கெனவே ஒரு பிரதி இருந்தது. யாரோ தமிழில் ஓரக்குறிப்பு எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

"ஸ்கூல் மேல கேஸ் போடப்போறேன். நீயும் கையெழுத்து போடு," என்று மனுவை நீட்டினார்.

பயிற்சியாளரும் எரிபொருளைச் சோதிக்கவில்லை என்று அதில் ஒரு வரி.

"இத எடுத்துடுங்க. போடறேன்."

"எதுக்கு எடுக்கணும்? அவ கத்துக்க வந்தவ. பாத்தியான்னு கேக்க வேண்டியது வாத்தியாரு. கேட்டானா?"

"பாக்க வேண்டியது உங்க பொண்ணும்தான்."

சொல்லிவிட்டேன். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. அவர் மனைவி ஈரக்கையோடு வந்து என்னை ஒருமுறை பார்த்தாள். "அவளப் போவச் சொல்லு," என்றாள் கணவனிடம்.

மெட்ரோ நிலையம் வரை நடந்தேன். அவர் கேட்டது நியாயம் என்று எனக்குத் தெரியும். என் தம்பி அவசரக்காரன். பைக் தெருமுனையைத் தாண்டிய பிறகுதான் ஹெல்மெட் பட்டையை மாட்டுவான். இதை நான் எந்த வக்கீலிடமும் சொல்லவில்லை.

தனித்தனியாக வழக்குப் போட்டோம். நீதிமன்றம் இரண்டையும் சேர்த்தே விசாரிக்கிறது. மெக்கானிக்கை வேலையை விட்டு அனுப்பிவிட்டு, பெயர்ப் பலகையை மாற்றிக்கொண்டு, பள்ளி நடக்கிறது. நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சின் இரண்டு ஓரங்களில் உட்காருகிறோம். சென்ற முறை வழக்கைத் தள்ளிவைத்ததும் அவர் எழுந்து என் பக்கம் திரும்பினார்.

"அடுத்த தேதி எப்பம்மா சொன்னாங்க? எனக்குச் சரியா காதுல விழல."

எனக்கு விழுந்திருந்தது.

"உங்க வக்கீலக் கேளுங்க," என்றேன்.