புள்ளிக்குப் பின்னால் ஒரு மாடி அறை

எடை பார்க்கும் இயந்திரங்களுக்கு நிரல் எழுதுவது அவள் பிழைப்பு. திரையில் எண் எப்படித் தெரிய வேண்டும், புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் என்று வாரக்கணக்கில் மல்லுக்கட்டுவாள். அதனால் அலுவலகத்தில் அவள் பெயர் புள்ளியம்மா. வீட்டிலோ அவளுக்கு ஒரு மேசைகூடக் கிடையாது. அடுப்பங்கரை ஓரத்தில், குக்கர் விசிலுக்கு நடுவே கணினி. எரிச்சலில் அழுகை வந்த நாட்களும் உண்டு.

ஜன்னல் வைத்த மாடி அறை காலியானதும் கணவனும் நாத்தனாரும் அதற்காக முட்டிக்கொண்டார்கள். கடைசியில் பந்தயம் கட்டினார்கள். மாதக் கடைசி ஞாயிறன்று அண்ணன் தொண்ணூறு கிலோவுக்கு இறங்கியிருக்க வேண்டும், தங்கை ஐம்பதுக்கு ஏறியிருக்க வேண்டும். தொட்டவருக்கு அறை. மாமியார் நடுவர்.

"ரெண்டு பேரும் கோட்டை விட்டா ரூம் எனக்கு" என்றாள் புள்ளியம்மா. எல்லோரும் சிரித்துக்கொண்டே சரி என்றார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

சோதித்துப் பார்க்க அவள் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த இயந்திரம்தான் தராசு. அது முழு எண்ணை மட்டும் காட்டும்.

சனிக்கிழமை கணவன் காபி போட்டு நீட்டினான். கல்யாணமான நாளாகக் காணாத அதிசயம்.

"ஏம்மா, புள்ளிக்கு அப்புறம் வர்றத அப்படியே வெட்டி விட்டுடேன். தொண்ணூறுக்கு மேல கொஞ்சூண்டுதான் நிக்குது."

அவன் தலை மறைந்ததும் நாத்தனார் பாத்திரம் கழுவ வந்தாள்.

"அண்ணி, அரைக்கு மேல இருந்தா அடுத்த நம்பருக்கு ஏத்திடுங்க. மருந்துக் கடை மிஷின்ல பாத்தேன், நாப்பத்தொம்பதரைய தாண்டிட்டேன்!"

வெட்டினால் அண்ணனுக்கு அறை, ஏற்றினால் தங்கைக்கு. இருவரிடமும் "நான் பாத்துக்கறேன்" என்றாள். பொய்யில்லை, பார்த்துக்கொள்ளத்தான் போகிறாள்.

ஞாயிறு காலை கணவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறி நின்றான். திரையில் 90.7.

"இந்தப் புள்ளி எங்கேர்ந்து வந்துச்சு?"

நாத்தனார் கைதட்டிச் சிரித்தபடி ஏறினாள். 49.6. கைதட்டல் நின்றுபோனது.

"நீ என் கட்சின்னுல்ல நெனச்சேன்!" என்றான் கணவன்.

"நான் எப்பவும் புள்ளி கட்சிங்க."

மாமியார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையை இரண்டு முறை பார்த்தார். "ரெண்டும் தேறல. சாவிய அவகிட்ட குடு."

புள்ளியம்மா கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. கீழே குக்கர் விசில் அடித்தது.

"யாராவது போய் அடுப்ப அணைங்க" என்று குரல் கொடுத்துவிட்டு, ஜன்னலைத் திறந்தாள்.