ஸ்தோத்திரம் மாஸ்டரும் இரண்டாவது பிரேக்கும்

ஸ்தோத்திரம் மாஸ்டரின் உண்மைப் பெயர் டிரைவிங் ஸ்கூல் முதலாளிக்கே மறந்துபோயிருந்தது. கியர் மாற்றினால் ஒரு ஸ்தோத்திரம், வளைவில் திரும்பினால் ஒரு ஸ்தோத்திரம், எதிரே லாரி வந்தால் இரண்டு. மற்ற மாஸ்டர்களிடம் அழுதுவிட்டு ஓடியவர்களையெல்லாம் இவர் தலையில்தான் கட்டுவார்கள். மனிதர் அசர மாட்டார். வண்டியைக் கிளப்பும் முன் ஸ்டியரிங் மேல் கை வைத்து ஜெபிப்பார்.

"ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்குத் தைரியத்தைக் கொடும். கிளட்சுக்கு ஆயுசைக் கொடும்."

சிரித்துவிடுவார்கள். சிரித்தவர்களுக்குப் பாதி பயம் போய்விடும். மீதிப் பாதியைக் கவனிக்க மாஸ்டரின் காலடியிலும் ஒரு பிரேக் இருந்தது.

சபையில் இது பிடிக்கவில்லை. போதகர் கூப்பிட்டு, "ஜெபத்துல கிளட்ச் எதுக்கு?" என்று கேட்டார். "நீங்க மைக்குக்காக ஜெபம் பண்றீங்களே ஐயா" என்றார் மாஸ்டர். போதகர் அதற்குப் பிறகு அவரைக் கூப்பிடவில்லை.

இப்படிப்பட்டவரிடம்தான் ரொட்டிக்காரம்மா வந்து சேர்ந்தாள். அவள் கணவன் பேக்கரி வேன் ஓட்டியவன். ஒரு காலையில் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே பக்கவாதம் வந்து, வேன் நடுத்திட்டில் ஏறி விளக்குக் கம்பத்தில் சாய்ந்தது. அவள் பக்கத்து சீட்டில் இருந்தாள். உயிர் தப்பியது, அவனுடைய வலது கை தப்பவில்லை. பேக்கரி முதலாளி நல்லவர்தான், ஆனால் ரொட்டி காத்திருக்காது. "மாசக் கடைசிக்குள்ள நீ ஓட்டிக் காட்டு. இல்லேன்னா வேற ஆள் போட்டுடுவேன்" என்று சொல்லியிருந்தார். அந்த வீட்டுக்கு அந்த வேனை விட்டால் வேறு சோறு கிடையாது.

காலி மைதானத்தில் அவள் அழகாகவே ஓட்டினாள். வினை நாற்சந்தியில் வந்தது. பின்னால் ஹாரன், பக்கவாட்டில் பைக்குகள், முன்னால் ஒரு பஸ். அவள் மிரள்வதைப் பார்த்த மாஸ்டர் பழக்கதோஷத்தில் "ஜெபிப்போமா?" என்றார்.

பிறந்ததிலிருந்து சபைக்குப் போகிறவள். அந்த வார்த்தையைக் கேட்டதும் தலை குனிந்தது, கண் மூடியது, இரண்டு கையும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கூப்பிக்கொண்டன. கால் மட்டும் ஆக்சிலேட்டரிலேயே இருந்தது.

மாஸ்டர் பிரேக்கை மிதித்த மிதியில் கார் பஸ்ஸின் முதுகைத் தொடாமல் நின்றது. பஸ் டிரைவர் இறங்கி வந்து, எந்த ஜெபக்கூட்டத்திலும் கேட்கமுடியாத வார்த்தைகளைச் சொல்லிவிட்டுப் போனார்.

காரை ஓரங்கட்டியதும் அவள் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு வேணாம் மாஸ்டர். அன்னிக்கும் இதேதான். அவரு கை ஸ்டியரிங்க விட்டுடுச்சு. நான் எட்டிப் பிடிச்சிருக்கலாம். கண்ண மூடிக்கிட்டு 'ஏசப்பா ஏசப்பா'ன்னு கத்திக்கிட்டே இருந்தேன்."

மாஸ்டரும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆறுதல் வசனம் அவரிடம் மூட்டை மூட்டையாக உண்டு. அன்றைக்கு ஒன்றையும் அவிழ்க்கவில்லை.

"ஜெபத்தைக் கொடுத்தவர்தானேம்மா கண்ணையும் கையையும் கொடுத்தாரு. ஜெபத்த வெச்சுக்கிட்டு கண்ணையும் கையையும் திருப்பிக் குடுன்னு அவரு கேக்கலயே."

"நீங்க மட்டும் என்னவாம்? வண்டில ஏறினதுலேர்ந்து உங்க கால் பிரேக்க விட்டு நகரல. வாய்தான் ஸ்தோத்திரம் சொல்லுது. கால் சொல்லலியே."

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. தினமும் மனைவி தைலம் தேய்த்துவிடும் கெண்டைக்கால் வலிக்குக் காரணம் அதுதான். வீட்டில் அவர் வேறு ஏதோ சொல்லிவைத்திருந்தார்.

"ஆமாம்மா. நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இவ்வளவு ஸ்தோத்திரமும் பயத்துல வர்றதுதான்."

சொன்னவர் எழுந்துபோய்ச் செருப்பைக் கழற்றிப் பின் சீட்டில் போட்டுவிட்டு, தன் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முதலாளி பார்த்திருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

"விளையாடாதீங்க மாஸ்டர்."

"விளையாட்டு இல்லம்மா. ஜெபத்த நான் பாத்துக்கறேன். நீங்க ரோட்டப் பாருங்க."

சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு அவள் ஏறினாள். வண்டி நகர்ந்தது. நாற்சந்தி வந்ததும் மாஸ்டரின் கால் தானாகத் துடித்தது. அதன் மேலேயே அழுத்தி உட்கார்ந்துகொண்டார். "ஆண்டவரே, அந்த பைக்குக்காரனுக்குப் புத்தியைக் கொடும். எனக்கு நாலு நாள் ஆயுசைக் கொடும்" என்று அவர் குரல் உச்சத்துக்குப் போனது. அவள் உதடும் அசைந்தது. ஆனால் கண் ரோட்டில் இருந்தது, கை ஸ்டியரிங்கில் இருந்தது. நாற்சந்தி பின்னால் போனது.

ஸ்கூலுக்குத் திரும்பும் தெருவை அவள் கண்டுகொள்ளவில்லை. நேரே பேக்கரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள்.

முதலாளி மாவுக் கையோடு வெளியே வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். "சரி, லைசென்ஸ் வந்ததும் வேன் சாவிய வாங்கிக்கோ" என்றார். பிறகு முன் சீட்டுக்குள் குனிந்தார். அங்கே ஒரு பெரிய மனிதர், மரத்துப்போன காலைக் கீழே இறக்க முடியாமல் வியர்த்து வழிந்துகொண்டிருந்தார்.

"இது யாரும்மா?"

"என்கூட வந்தவரு" என்றாள் அவள். "கொஞ்சம் பயந்துட்டாரு. தண்ணி இருந்தாக் குடுங்க."