நீலமாகிப் போன மல்லிப்பூ

மெஷினிலிருந்து சூடாக வெளியே வரும் போட்டோ பிரிண்ட்… கையில் வாங்கினால் அப்போதுதான் கல்லிலிருந்து எடுத்த தோசை மாதிரி இருக்கும். அதோடு அந்தக் கெமிக்கல் வாடை. எந்த சோப்பு போட்டாலும் புடவையை விட்டுப் போகாது. ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவள் மூக்கைச் சுளிப்பாள்.

அம்பத்தூரில் ஒரு கலர் லேப். நான், வசந்தா, பிலோமினா மூன்று பேரும் அங்கேதான் வேலை பார்த்தோம். நான் எட்டாவதோடு நின்றவள். நெகட்டிவைப் பார்த்து மஞ்சளைக் குறைப்பது, சிவப்பை ஏற்றுவது எங்கள் வேலை. முன்பக்கம் ஸ்டுடியோ. பெண்கள் படம் எடுக்க வந்தால் கேமராவைப் பிடிப்பதும் நாங்கள்தான்.

வசந்தா மேல் எனக்கு அப்போதிலிருந்தே ஒரு கோபம். ஆவடி குவார்ட்டர்ஸ் கல்யாணம் ஒன்றில் பெண்ணின் முகம் சிவந்து போயிருக்கிறது என்று என் பிரிண்டைத் தூக்கிக்கொண்டு முதலாளியிடம் போனாள். என்னிடம் சொல்லியிருக்கலாம் அல்லவா? அன்றைக்கு அவள் கட்டியிருந்தது கிளிப்பச்சை வாயில் புடவை. அதுகூட எனக்கு மறக்கவில்லை.

லேப் மூடியதும் ஆளுக்கொரு திசை. வசந்தா மகனோடு புனேயில். பிலோமினா தூத்துக்குடியில். நான் மட்டும் அதே நெமிலிச்சேரி.

கையில் போன் வந்த பிறகு பிலோமினாதான் வாட்ஸப்பில் மூவரையும் சேர்த்தாள். மாதம் ஒரு போட்டி. ஒருத்தி தலைப்பு தருவாள். மாதம் முடிவதற்குள் ஆளுக்கொரு படம். கலர் மட்டும் திருத்திக்கொள்ளலாம்… கைப்பழக்கத்தை எப்படி விடுவது?

கதவு, பசி, மழைக்கு முன்னால் என்று தலைப்புகள் ஓடின. செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் நின்று நான் எடுத்த மேகத்துக்கு வசந்தாவே குறை சொல்லவில்லை.

போன வருஷம் வசந்தா ஒரு தலைப்பு கொடுத்தாள். "வெள்ளை மேல் வெள்ளை."

மகனுடைய வேட்டியை விரித்து அதன்மேல் மல்லிப்பூவைக் கொட்டினேன். பூ மஞ்சளடித்துக் கிடந்தது. பழைய பூவைத் தள்ளிவிட்டாள் என்று பூக்காரியோடு சண்டை. வேட்டியும் பழுப்பு. சொட்டு நீலம் போடவில்லை என்று மருமகளுக்கும் ஒரு பாட்டு. பிறகு போனிலேயே மஞ்சளைக் குறைத்து, நீலத்தை ஏற்றி, பளிச்சென்று வெள்ளையாக்கி அனுப்பினேன்.

பிலோமினா கைதட்டுகிற பொம்மை போட்டாள். வசந்தா, பிலோமினாவும் பார்க்கும்படி குரூப்பிலேயே எழுதினாள்:

"தேவகி, உன் மல்லிப்பூ நீலமா கீது. கொஞ்ச மாசமாவே எல்லாம் நீலமாத்தான் கீது. கண்ணைக் காட்டு."

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

கோபம் பாதி… மீதி பயம். என் அம்மாவுக்குக் கடைசியில் பார்வை போய்விட்டது. பாத்ரூமுக்குப் போகக்கூட ஒருவர் கையைப் பிடிக்க வேண்டும். பிடித்தது என் கைதான். அதனால் கண் என்று யாராவது பேச்செடுத்தாலே எனக்கு ஆகாது.

போனில்தான் கோளாறு என்று ஆவடி மார்க்கெட்டில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் துடைத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று திருப்பிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து மருமகளிடம் படத்தை நீட்டினேன். அவள் தயங்கினாள்.

"நீலமாத்தான் இருக்கு அத்தை. நீங்க கோவப்படுவீங்கன்னு சொல்லலை."

மறுநாள் அவளையே கூட்டிக்கொண்டு கண்ணைக் காட்டக் கிளம்பினேன்.

பூந்தமல்லிப் பக்கம் ஒரு கண் ஆஸ்பத்திரி. இரண்டு கண்ணிலும் புரை முற்றிப் போயிருக்கிறது, ஒன்றில் அழுத்தமும் ஏறத் தொடங்கியிருக்கிறது என்றார் டாக்டரம்மா. இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் போன பார்வையைத் திரும்பக் கொண்டுவர முடியாமல் போயிருக்குமாம். இப்போதே வந்துவிட்டதால் பயமில்லை என்றார். ஒவ்வொரு கண்ணாக ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்.

முதல் கண்ணின் கட்டை அவிழ்த்த காலை… எதிரே சுவர். அப்படி ஒரு வெள்ளை. அந்தக் கண்ணை மூடி மற்றதால் பார்த்தால், அதே சுவரில் யாரோ டீயைக் கொட்டிய மாதிரி. சின்னப் பிள்ளை போல மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். படியிறங்கும்போது மருமகள் கையை நீட்டினாள். வேண்டாம் என்று நானே இறங்கினேன்.

வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால்… ஐயோ. மல்லி, இட்லி, பேத்தியின் பல்… எல்லாம் நீலம். கண்ணில் இருந்த மஞ்சளைப் படத்தில் இருப்பதாக நினைத்துக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறேன். லேபில் நாங்கள் கிழித்துக் குப்பையில் போடுகிற பிரிண்ட் மாதிரி.

மற்ற கண்ணும் முடிந்த பிறகு, வசந்தாவுக்கு நானே போன் போட்டு எல்லாம் சொன்னேன்.

"எனக்குத் தெரியும்டி. அதுக்குத்தான் அந்தத் தலைப்பே குடுத்தேன்," என்றாள். "வேற கலர்னா இன்னாவாவது சாக்கு சொல்லுவ. வெள்ளைல தப்பிக்க முடியாது."

"என்கிட்ட தனியா சொல்லியிருக்கலாம்ல?"

"தனியா சொன்னா மட்டும் கேட்டுக்கினு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பியா?"

ஓடியிருக்க மாட்டேன்தான். ஆனாலும் பிலோமினா முன்னால் சொன்னது சொன்னதுதான். அதை நான் மறக்கப் போவதில்லை.

லேபில் அப்போது மூன்று பேருக்கும் ஒரே மேஜை. காலையில் உள்ளே வரும்போதே எவளுக்கு உடம்பு சரியில்லை, எவள் வீட்டில் சண்டை என்று முகம் சொல்லிவிடும். இப்போது நேரில் பார்த்து எத்தனையோ வருஷமாகிறது. மாதம் தவறாமல் வருவது ஒரு படம்தான். அந்த ஒரு படத்தில் இவ்வளவு தெரியும் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது.

இந்த மாதம் தலைப்பு என்னுடையது. காலையில் எழுந்ததும் உங்கள் முகம்… ஜன்னல் வெளிச்சத்தில், கலர் திருத்தாமல். தலை வாராமல் எப்படி என்று பிலோமினா புலம்பிக்கொண்டிருக்கிறாள். வசந்தா மறுநாளே அனுப்பிவிட்டாள்.

பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணின் வெள்ளை, உதடு, கன்னம்… மஞ்சள் ஏறவில்லை, வெளிறியும் போகவில்லை. நன்றாகத்தான் இருக்கிறாள்.

அதை அவளிடம் சொல்லவில்லை. "கை ஆடிகீது, போகஸ் சரியில்லை" என்று மட்டும் எழுதினேன்.