மூன்றாம் பாகத்தைத் தொலைத்தவர்

கரோல்பாக் வைத்தி எனக்கு மூவாயிரத்து அறுநூறு ரூபாய் தர வேண்டியிருந்தது. ஒன்பது வருஷக் கடன். கைமாற்று இல்லை, வட்டிக்கு விட்டதும் இல்லை. ஒரு புத்தகத்தைத் தொலைத்ததற்கு ஒன்பது புத்தகத்தின் விலை. ஒன்று போனால் ஒன்றுக்குத்தானே காசு என்று அவர் வாதாடினார். கேட்பவர்களுக்கு அதுதான் நியாயம் என்று தோன்றும். எனக்குத் தோன்றவில்லை.

நான் படித்தது ஐந்தாவது வரை. விழுப்புரம் பக்கத்திலிருந்து ரயிலேறித் தலைநகருக்கு, ஜங்புராவில் மதராசி கேம்ப் குடிசைக்கு வந்தவன். சைக்கிளில் பழைய பேப்பர் எடுத்தேன். எடைக்கு வரும் பேப்பரில் கதைப் புத்தகம் கிடந்தால் மற்றவர்கள் அதையும் சேர்த்து எடை போட்டு விற்பார்கள். நான் தனியே எடுத்துத் துடைத்து வைத்தேன். அந்தப் புத்தி எனக்கு மட்டும்தான் இருந்தது. இல்லாவிட்டால் பூசா ரோடு பக்கம் வாடகைப் புத்தகக் கடை எப்படி வந்திருக்கும்? கேம்ப்பை இடித்தபோது உத்தம் நகரில் என் சொந்த வீட்டு மாடியில் இரண்டு குடும்பங்களுக்கு இடம் கொடுத்தவன் நான். வாடகை வாங்கவில்லை.

எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஆனால் வாடகைக்குப் புத்தகம் விடத் தெரியும். தொடர்கதை என்றால் என் கடையில் ஒரு சட்டம். ஒவ்வொரு புத்தகத்தின் முதுகிலும் சிவப்புப் பெயிண்டில் நம்பர் போடுவேன். முதல் பாகம் திரும்பி வந்தால்தான் இரண்டாம் பாகம். வரிசையாகப் படிக்கிறவன் அடுத்ததற்காக ஓடி வருவான். வாங்குகிற காசை விட அந்த ஆசைதான் எனக்குப் பெரிய டெபாசிட். நடுவிலிருந்து எடுப்பவனுக்குக் கதை பிடிபடாது. எங்காவது போட்டுவிடுவான். நடுவில் ஒன்று போய்விட்டால் மிச்சத்தை யார் எடுப்பார்கள்? எல்லாம் தராசுக்குத்தான்.

கடன் விழுந்த அந்த வருஷம் இங்கிலீஷ் ரத்தக்காட்டேரிக் கதை ஒன்று ஒன்பது பாகமாக வந்து சேர்ந்தது. கல்லூரிப் பெண்கள் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். வைத்தி அப்போது மத்திய சர்க்காரில் செக்ஷன் ஆபீசர். சென்னைக்குப் போகிற வழியில், வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்.

"ஜல்தி, ஜெயசீலன்! ரயிலுக்கு ஏதாவது கொடும்."

முதல் இரண்டும் வெளியே போயிருந்தன. அவரே அலமாரியிலிருந்து மூன்றாவதை உருவினார்.

"சார், அது மூணாவது. மொத ரெண்டும் படிக்காம புரியாது சார். வேற தரேன்."

"எதை எங்கேருந்து படிக்கணும்னு எனக்கே சொல்றீரா? அஞ்சாங்கிளாஸ் தாண்டாத ஆசாமி! ரத்தக்காட்டேரி எந்தப் பாகத்துலேயும் ரத்தம்தானே குடிக்கறது?"

கடையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஆபீசர் என்பதால் டெபாசிட்டும் வாங்காமல் கொடுத்து அனுப்பினேன். அது வரைக்கும் என்னை யாரும் என் கடைக்குள் வைத்து அப்படிப் பேசியதில்லை.

புத்தகம் திரும்பவில்லை. ரயிலில் தொலைந்துவிட்டதாம். இரண்டாம் பாகம் முடித்த பெண்கள் மூன்றாவது எங்கே என்று கேட்டுவிட்டு வேறு கடைக்குப் போனார்கள். நான் வைத்தியிடம் ஒன்பதுக்கும் விலை கேட்டேன். ஒன்றுக்கு நானூறை நீட்டினார். நான் தொடவில்லை. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். ரிட்டையர் ஆன பிறகு காலையில் கடை வழியாக வாக்கிங் போகும்போதெல்லாம் குரல் கொடுப்பார்: "என்ன ஜெயசீலன், உம்ம காட்டேரி இன்னும் என் ரத்தம்தான் கேக்கறதா?"

நான் சிரித்து வைப்பேன். மிச்சம் எட்டையும் எடைக்குப் போடாமல் துணியில் கட்டி வைத்திருந்தேன். எதற்கு என்று என் வீட்டுக்காரி கேட்டாள். நேரம் வரும் என்றேன்.

போன குளிர்காலத்தில் நேரம் வந்தது. வைத்தியின் மனைவி விஜயலக்ஷ்மி மாமி குளியலறையில் வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்து படுத்திருந்தார். மாமியை எனக்குத் தெரியும். துப்பறியும் நாவல் எடுத்துப் போவார். கடைசிப் பக்கத்தை முன்னால் திறந்து பார்த்ததே இல்லை. அப்படி ஒரு ஒழுங்கு. நான் ஆரஞ்சுப் பழத்தோடு முதல் பாகத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாடகை வேண்டாம் என்றேன். அந்த வாரமே அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு இரண்டாம் பாகம் கொடுத்தேன்.

அதற்கு முன்பே ஞாயிற்றுக்கிழமைப் பழைய புத்தகச் சந்தையில் அலைந்து ஒரு மூன்றாம் பாகம் பிடித்துவிட்டேன். அது இப்போது அச்சில் இல்லை. புத்தகத்தைக் கல்லாவில் வைத்துப் பூட்டினேன். எனக்கு அவசரம் இல்லை.

மாமியே போன் செய்தார். "ஜெயசீலன், அந்தப் பொண்ணைக் கடிச்சுட்டான். அதோட ரெண்டாவது முடிஞ்சுடுத்து. மூணு எங்கே?"

"சாரைக் கேளுங்க மாமி. மூணாவது அவரோட போச்சு."

மறுநாள் மத்தியானம் வைத்தியே போன் செய்து வீட்டுக்கு வரச் சொன்னார். மாமியிடம் இருந்த இரண்டாவது போக மிச்சம் எட்டையும் துணி மூட்டையில் கட்டி எடுத்துக்கொண்டு போனேன். மாமி மாவுக்கட்டுக் காலை முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தார். வைத்தி எதிரில் நின்றார்.

"இவகிட்ட நாலாவதைப் படின்னா கேக்க மாட்டேங்கறா. நீராவது சொல்லுமேன்யா. வரிசை எல்லாம் சின்னப் பசங்களுக்கு."

"யார் செத்தான்னு தெரியாம யாருக்காக அழறான்னு நான் எப்படிப் படிக்கறது?" என்றார் மாமி. "சரி, நீங்கதான் மூணாவதைப் படிச்சேளே. கதையைச் சொல்லுங்கோ. அந்தப் பொண்ணு பிழைச்சாளா?"

வைத்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது... ஒரு கோட்டை வரும். யாரோ ஒருத்தன் வருவான்..."

"யாரு?"

"யாருன்னே புரியலைடி! எடுத்த எடுப்புலேயே பத்துப் பேர் வரா. நாக்பூர் தாண்டறதுக்குள்ளே அலுத்துப் போயிடுத்து. பெர்த்துலேயே வெச்சுட்டு வந்துட்டேன்."

"தொலைஞ்சுதுன்னேளே?"

என் காதால் நான் கேட்டேன். ஒன்பது வருஷம் கழித்து அவர் வாயாலேயே வந்தது. நடுவிலிருந்து எடுத்தார், புரியவில்லை, போட்டுவிட்டார். கடையில் அன்றைக்கு நான் சொன்னது வேறென்ன?

நான் மூட்டையை அவிழ்த்து மூன்றாவதை மட்டும் மாமிக்குத் தெரிகிற மாதிரி மேலே வைத்தேன். வைத்தியின் முகத்தில் உயிர் வந்தது.

"அச்சா! கிடைச்சுடுத்தா? ஐநூறே தரேன், அதைக் கொடும்."

"ஒண்ண மட்டும் பிரிச்சுத் தர மாட்டேன் சார். ஒம்பதும் நீங்களே வெச்சுக்குங்க. அன்னைக்குக் கேட்ட வெலதான். ஒரு ரூபா ஏத்தல."

"அநியாயம்யா இது!"

"அநியாயம்னா மூட்டைய கட்டிட்றேன் சார். மாமி, ஒடம்ப பாத்துக்குங்க." நான் முடிச்சுப் போட ஆரம்பித்தேன். மெதுவாகத்தான் போட்டேன்.

"ஏன்னா, கொடுத்துத் தொலையுங்கோ!" என்று மாமி கத்தினார். "படிக்காமலே பெர்த்துல போட்டுட்டு, இவரைப் போய் இத்தனை வருஷமாக் கேலி பண்ணிண்டிருந்தேளா?"

வைத்தி போனை எடுத்து, என் நம்பருக்குப் பணத்தை அனுப்பிவிடுகிறேன் என்றார். "நோட்டா குடுங்க சார், கையில," என்றேன். "சத்தமா எண்ணுங்க."

உள்ளே போய் பீரோவைத் திறந்து எடுத்து வந்தார். நான் முடிச்சை விட்டுவிட்டு வலது கையை விரித்து நீட்டினேன். அவர் என்னைப் பார்க்காமல் கையைப் பார்த்தே எண்ணினார். ஐநூறு ஐநூறாக ஏழு நோட்டு விழுந்தது. கடைசி நூறைத் தேடி மேல்பை, கீழ்ப்பை எல்லாம் துழாவினார். மாமி தலையணைக்கு அடியிலிருந்து ஒரு நூறை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அதை அவர் என் உள்ளங்கையில் வைத்தார்.