வெர்னாவுக்கு வந்த தொலைபேசி அழைப்புகள்

சுரங்கக் கூரை சரிந்து கணவன் எஸ்டில் செத்த வாரமே வெர்னா வேலைக்குத் திரும்பிவிட்டாள். முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கும் வேலை. வீட்டில் வளர்ந்துகொண்டே போகும் மகன் வெண்டல். கிழக்குக் கென்டக்கி மலைகளில் அப்பன் போன சுரங்கத்துக்கே பிள்ளையும் போவது வழக்கம். அவனை மட்டும் அங்கே விடுவதில்லை என்று அவள் உறுதியாக இருந்தாள்.

பதினோராம் வகுப்பில் அவன் வாசல் நிலையில் குனிந்து நுழையும் உயரத்துக்கு வந்துவிட்டான். பள்ளிக் கூடைப்பந்து அணியில் அவன் ஆடினால் அரங்கம் நிரம்பும். அந்தக் குளிர்காலத்தில் தங்கள் அணிகளுக்குப் பிள்ளை பிடிக்கக் கல்லூரி ஆட்கள் வந்தார்கள். அவர்களில் நீல் ப்ரூட் என்ற இளம் துணைப் பயிற்சியாளனும் இருந்தான். மற்றவர்கள் வெண்டலிடம் பேசினார்கள். நீல் வெர்னாவிடம் பேசினான்.

ஞாயிறுதோறும் மாலையில் அழைப்பான்.

"கை எரிச்சல் எப்படி இருக்கு வெர்னாம்மா? கையுறை போடச் சொன்னேனே?"

"போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் தம்பி. நீ ஒருத்தன்தான் கேக்குற."

எஸ்டில் போன பிறகு அவள் கையைப் பற்றி யாரும் கேட்டதில்லை. யாரிடமும் சொல்லாததையெல்லாம் அவனிடம் சொன்னாள். பிணத்தை வெளியே எடுத்தபோது முகத்தைப் பார்க்க விடாததைக்கூடச் சொன்னாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

ஒருமுறை தலைமைப் பயிற்சியாளரையே வீட்டுக்கு அழைத்து வந்தான். அவள் வைத்த பீன்ஸ் சூப்பையும் சோளரொட்டியையும் நீல் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். பெரியவர் சோபா நுனியில் உட்கார்ந்து, "வெண்டலுக்கு எங்ககிட்ட இடம் இருக்கு. படிப்பு, சாப்பாடு, தங்குறது எல்லாம் எங்க பொறுப்பு" என்றார்.

அதன்பின் வேறு இரண்டு கல்லூரிகள் அழைத்தபோது, வாக்குக் கொடுத்துவிட்டோம் என்று வெர்னாவே மறுத்துவிட்டாள்.

"கையெழுத்துப் போடுற வரைக்கும் எதுவும் நிச்சயமில்லம்மா" என்றான் வெண்டல். "அவங்ககிட்டயும் பேசி வெச்சிருக்கலாம்."

"நீல் அப்படிப்பட்டவன் இல்லடா."

அடுத்த ஆண்டுக் குளிர்காலம் முடியும்போது அழைப்பு நின்றது. அவளே கூப்பிட்டால், வெளியூர் போயிருக்கிறார் என்று கல்லூரி அலுவலகத்தில் ஒரு பெண் சொன்னாள். உடம்புக்கு ஏதாவது வந்திருக்குமோ என்று வெர்னா கவலைப்பட்டாள்.

வட்டாரப் போட்டிக்கு வெண்டல் அணியோடு பக்கத்து ஊருக்குப் போனபோது வெர்னாவும் போனாள். அங்கேதான் நீலைப் பார்த்தாள். வேறு பள்ளிப் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். எதிர்வரிசையில் ஒரு பையனின் தாய்க்கு அருகே நீல் உட்கார்ந்திருந்தான். வெர்னா அவர்களுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"முதுகுவலிக்கு வெந்நீர் ஒத்தடம் குடுத்தீங்களா டோனாம்மா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டிருந்தான். அதே குரல்.

திரும்பியவன் சட்டென எழுந்தான். "உங்களுக்குப் போன் பண்ணணும்னுதான் இருந்தேன்."

"வெண்டலோட இடம்?"

"அவனைவிட உசரமா ஒரு பையன் கிடைச்சான். பெரியவர் எடுத்துட்டார். என் கையில ஒண்ணும் இல்ல."

"என்கிட்ட அவ்வளவு பேசினியே தம்பி?"

அவன் ஆடுகளத்தைப் பார்த்தபடி, "அது என் வேலைம்மா" என்றான்.

வெர்னா அந்தத் தாயிடம் குனிந்து, "வேற யாராவது கூப்பிட்டா வேண்டாம்னு சொல்லிடாதீங்க" என்றாள். அந்தப் பெண் கைப்பையை மடியோடு இழுத்துக்கொண்டு, இவள் யார் என்பதுபோல் நீலைப் பார்த்தாள்.

மறுத்துவிட்ட கல்லூரிகளை அவளே அழைத்துக் கெஞ்சினாள். இடங்கள் நிரம்பியிருந்தன. பள்ளி முடித்த வெண்டல் வேறு வழியில்லாமல் சுரங்கத்தில் இறங்கினான். அங்கே நிலக்கரிப் படுகையின் உயரம் குறைவு, நடுத்தர உயர ஆளே முழங்காலில்தான் நகர வேண்டும். அவன் ஏறக்குறைய தவழ்ந்தான்.

அவன் அவளைத் திட்டவில்லை. ஒரே ஒருமுறை, சாப்பிடும்போது, "பேச ஆள் இல்லேன்னு என்கிட்ட சொல்லியிருக்கலாம்லம்மா" என்றான். அவள் மகனின் வாழ்க்கை போனதற்கு அழுதாள். ஆனால் ஞாயிறு மாலைகளில் அந்தக் குரலுக்காகவும் மனம் ஏங்கியது. அதற்காகத் தன்னையே அருவருத்தாள்.

முப்பது வயதுக்குள் வெண்டலின் முதுகு போய்விட்டது. மெத்தை ஒத்துக்கொள்ளாமல் கூடத்துத் தரையிலேயே படுத்தான். ஒருநாள் தொலைக்காட்சியில் நீலின் கல்லூரி அணியின் ஆட்டம் வந்தது. வெர்னா அணைக்க ஓடினாள்.

"இருக்கட்டும்மா. அணைக்காத."

அவன் படுத்தபடியே பார்த்தான். அவள் சமையலறைக்குப் போய், பாத்திரம் எதுவும் இல்லாத தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.