மணப்பெண்ணை அழவைக்க வந்த விரல்கள்

துருக்கியின் கெஷான் ஊர்க் கல்யாணங்களில் தர்புகா மேளம் கொட்டி வந்த நெஜ்மிக்குத் தன் விரல்கள் மேளத்துக்கு மிஞ்சியவை என்ற எண்ணம் நாற்பது வயதில் உதித்தது. மேளக்காரன் பின்னால் நிற்க வேண்டும். சாஸ் என்ற நீண்ட கழுத்துத் தந்தி வாத்தியம் வாசிப்பவனுக்கு முன்னால் நாற்காலி உண்டு. சாஸ்காரன் ஜெர்மனிக்குப் பிழைக்கப் போனான், நாற்காலி காலியானது, உடனே நெஜ்மிக்கு ஞானம் பிறந்தது. தோலை இழுத்து மெலிதாக்கினால் அதுதான் தந்தி என்று டீக்கடையில் அறிவித்தான். மீட்டுகோலை வீசிவிட்டு, தர்புகாவில் விரல்களைப் பிரித்துப் படபடவென்று உருட்டுவதை அப்படியே தந்தியில் உருட்டினான். ஆலங்கட்டி மழை என்று நினைத்து மனைவி குல்தென் கொடித்துணியை எடுக்க ஓடினாள்.

கோஷ்டித் தலைவர், கிளாரினெட் ரெம்ஸி, ஒரே ஒரு வாய்ப்புக் கொடுத்தார்.

“கல்யாணப் பொண்ணு ஸெஹெரோட மருதாணிச் சடங்குல வாசி. பொண்ணு அழுதா நாற்காலி உனக்கு. அழலைன்னா வீட்டுக்குப் போ. மேளத்தை உன் மச்சினன்கிட்ட குடுத்தாச்சு.”

“அழுவா அண்ணே. கல்லே அழும்.”

சடங்கில் ஸெஹெர் சிவப்பு முக்காட்டுக்குள் உட்கார்ந்தாள், இரு கைகளையும் இறுக மூடியபடி. மாமியார் தங்கக் காசு வைத்தால்தான் பெண் கையைத் திறப்பாள். அதன் பிறகே மருதாணி. மாமியார் காசை விரல் நுனியில் பிடித்திருந்தாள், பிரிய மனமில்லாமல். தாய்வீட்டைப் பிரியும் பெண்ணை அழவைக்க வழக்கமாக வாசிக்கும் ஒப்பாரியை நெஜ்மி தொடங்கினான். இரண்டாம் அடியிலேயே விரல்கள் பழைய புத்தியைக் காட்டின. முக்காடு குலுங்கியது. பெண் விம்முகிறாள் என்று நூரியே என்ற அவள் தாய் பூரித்தாள். நெஜ்மி இன்னும் உருட்டினான்.

ஸெஹெர் எழுந்து ஆடினாள். ஆடியதோடு விட்டாளா? இரு கைகளையும் விரியத் திறந்து உயர்த்தி, விரல் சொடுக்கினாள்.

“கையைத் தானே தொறந்துட்டாளே, இனி காசு எதுக்கு சம்பந்தி?” என்ற மாமியார் அதைப் பைக்குள் போட்டுச் சடக்கென்று மூடினாள். நூரியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

“கண்ணீர் வந்துடுச்சு பாருங்கண்ணே.”

“அது தாயோட கண்ணீர்டா, கழுதை. வாத்தியத்தை வச்சுட்டுக் கெளம்பு.”

நெஜ்மி கிளம்பித்தான் போனான். ஆனால் அந்த வாரமே மூன்று மாப்பிள்ளைகளின் தாய்மார்கள் ரெம்ஸியின் வாசலில் வந்து நின்றார்கள். மருதாணிச் சடங்குக்கு அந்த விரல்காரன்தான் வேண்டும், வேறு யாரும் வேண்டாம் என்றார்கள். கலையில் சமரசமே செய்யாத ரெம்ஸி முன்பணத்தை வாங்கிக்கொண்டு, தம் கையாலேயே நாற்காலியைத் துடைத்து வைத்தார்.

தன் கலையைக் கெஷான் மாமியார்கள் மட்டுமாவது புரிந்துகொண்டார்களே என்று நெஜ்மி டீக்கடையில் மனம் உருகிச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.