அறுபத்திரண்டு சதவீதம்

கொல்கத்தா சால்ட் லேக்கில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைப் பார்க்க வந்த மெக்கானிக், சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த தமிழர். ஒல்லி உடம்பு, நரைத்த மீசை. அண்ணன் என்பதற்கு வங்காளிகளைப் போல 'தாதா' என்றுதான் என்னைக் கூப்பிட்டார். கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஹார்ட் டிஸ்க்கில் காதை வைத்துக் கேட்டார். உள்ளே டிக் டிக் என்றது.

"எத்தன வாட்டி ஆன் பண்ணிப் பாத்தீங்க?"

"காலையிலேருந்து இருபது தடவை இருக்கும்."

"காப்பி எடுத்து வெச்சிருக்கீங்களா?"

"இருக்கே, டி டிரைவ்ல."

"அதுவும் இதே டிஸ்க்குதானே, தாதா!" என்றார். "ஒரே ஒரு ஃபோல்டர்தான் கிடைக்கும்னா எது வேணும்?"

"என் மனைவி பேசின வீடியோ. போன வருஷம் தவறிட்டா."

அவர், தான் கொண்டுவந்த டிஸ்க்கை இணைத்து, அந்த ஃபோல்டரை மட்டும் காப்பி போட்டார்.

"கைய மடியில வெச்சுக்குங்க."

அறுபத்திரண்டு சதவீதத்தில் பச்சைக் கோடு நின்றுவிட்டது. இரண்டு நிமிடம் ஆயிற்று. நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம் என்று மௌஸுக்குக் கை நீட்டினேன். சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இப்ப நிறுத்தினா மறுபடி ஓடாது."

பிடியை அவர் விடவே இல்லை. கோடு மெல்ல நகர்ந்து நூறைத் தொட்டது. சற்று நேரத்தில் டிக் டிக் சத்தமும் அடங்கிவிட்டது.

எத்தனையோ வீடுகளில் இதைப் பார்த்த மனிதர், அவருக்கு இது வெறும் வேலை என்றுதான் நினைத்திருந்தேன். அவர் கையை எடுத்த பிறகு பார்த்தேன். என் மணிக்கட்டு அவர் வியர்வையில் நனைந்திருந்தது.